மூன்றாம் நம்பர்

ஞாயிற்றுக்கிழமை ஐந்தே முக்காலுக்கு
ஜாகீர் அம்மாபாளையத்துக்கு அப்பால்
வெள்ளைக்கல் கம்பெனி வேலியோரம் நிற்கிறோம்.
கண்ணாடிக்கடை நிஜாமுதீன்,
வணிகவரி ஆபீஸ் தமயந்தி,
நான்.
ஃபிளாஸ்க் ஒன்று, நோட்டு மூன்று.
மலை இருக்கும் திசையில்
ஏற்காட்டுப் பாதையின் விளக்குகள் மட்டும்
யாரோ சிந்திவிட்டுப் போன குண்டூசிகள்போல.

ஜங்ஷனில் வந்தே பாரத்துக்குக் கூட்டம் கூடும்.
செல்போனைத் தூக்கிப் பிடிப்பார்கள்.
இரண்டே நிமிடம். போய்விடும்.
போவதுதானே அதன் வேலை.
எங்களுடையது போகாது.
அரை மைல் தண்டவாளம், ஒரு வளைவு, ஓர் எடைமேடை,
முடிவில் முட்டி நிற்க ஒரு மண்மேடு.
அதற்குள்ளேயே அதன் காசி,
அதற்குள்ளேயே ராமேஸ்வரம்.

வருகிறது.
மஞ்சள் அடித்து, அதன்மேல் பச்சை அடித்து,
அதன்மேல் வெள்ளைக்கல் தூசியைத்
தானே அடித்துக்கொண்ட மூன்றாம் நம்பர்.
நீள மூக்கு. ஒற்றைக் கேபின்.
ஆறு சக்கரங்களையும் பக்கத்துக்கு ஒன்றாக
இரண்டு இரும்புக் கைகள் கோத்துப் பிடித்திருக்கின்றன.
படியில் தொங்கிக்கொண்டு பாயிண்ட்ஸ்மேன் சுகவனம்,
கையில் பச்சைக்கொடி, வாயில் வேப்பங்குச்சி.

பதினோரு வேகன். ஒவ்வொன்றாய்
எடைமேடையில் நிறுத்த வேண்டும்.
ஓரடி கூடினால் இழு.
ஒரு சாண் குறைந்தால் தள்ளு.
மூச்சைப் பிடித்து ஒரு முட்டு முட்டும்.
அந்த முட்டு கடைசி வேகன் வரை
டங், டங் என்று நடந்தே போய்ச் சேரும்.
தமயந்தி கண்ணை மூடி எண்ணுவாள்.
பதினொன்று வர வேண்டும்.
குறைந்தால், எங்கோ ஒரு கொக்கி இறுகிக் கிடக்கிறது.

என் நோட்டை வீட்டில் ஒருநாள் புரட்டினாள் கோமளம்.
தேதி. நேரம். தள்ளு, தள்ளு, இழு, தள்ளு.
"பிரசவ வார்டு ரிப்போர்ட்டாட்டம் இருக்குது"
என்று மூடி வைத்துவிட்டாள்.

வாட்ச்மேன் லூர்து முதல் வாரம் விசில் ஊதினார்.
"எங்கியும் போவாத வண்டிங்க. என்னத்த பாக்கறீங்க?"
நிஜாமுதீன் டீயை நீட்டினார்.
இரண்டாம் வாரம்: "ஆடிட்டு பண்றவுங்களா?"
மூன்றாம் வாரம்: "பழைய இரும்பு யாவாரமா?"
நான்காம் வாரம், பைத்தியம் என்று
அவரே முடிவு கட்டியதும்
எல்லோருக்கும் நிம்மதி.

சித்திரையில் மூன்றாம் நம்பர் குரல் மாறி வந்தது.
அடித்தொண்டையில் உருண்டது போய்
லாரிபோல இரைந்தது.
"இஞ்சினை மட்டும் மாத்தியிருக்காங்க" என்றார் நிஜாமுதீன்.
"வண்டியே வேற" என்றாள் தமயந்தி.
"முன்படியில மூணு ஓட்டை இருக்கும். இதுல நாலு."
பந்தயம்: தட்டுவடை செட்டு, மூன்று வாரத்துக்கு.
சட்டத்தில் ஒரு தகடு உண்டு,
பிறந்த நம்பர் அதில்தான்.
தகடோ வேலிக்கு அந்தப்பக்கம்,
பல வருடப் பெயிண்டுக்கு அடியில்.

கேட்டுக்கொண்டே இருந்த லூர்து
நாற்காலியை விட்டு எழுந்தார். போனார்.
நின்றிருந்த வண்டியின் கீழே குனிந்து
சாவிக்கொத்தால் சுரண்டினார்.
முதலில் பச்சை. பிறகு மஞ்சள்.
பிறகு யாருமே எதிர்பாராத சிவப்பு.
சுகவனம் டார்ச் அடித்தார்.
"நாலு... ஒண்ணு... அடுத்தது எட்டா, மூணா?"
கடைசி எண்ணை வெல்டிங் தின்றிருந்தது.

பந்தயம் தீரவில்லை.
செட்டு வாங்கி ஐந்து பேரும் தின்றோம்.
வேலிக் கம்பியில் பீட்ரூட் துருவல் ஒட்டிக்கொண்டது.

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன்.
"சார், லூர்து. தூங்கிட்டீங்களா?
மூணு இன்னிக்கு மூக்கு பின்னால வச்சிட்டு வருது.
காத்தால ஏத்தாப்புல நேராத்தான் நின்னுச்சு.
திருப்பறதுக்கு இங்க எடமே இல்லீங்களே, எங்க போயிட்டு வந்துருக்கும்?"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
தமயந்திக்கு இப்போதே சொல்வதா, விடியட்டுமா?
"இருங்க, தள்றாங்க" என்றார்,
போனைத் தண்டவாளப் பக்கம் நீட்டினார்போல.
எண்ணினேன்.

பத்து.